கப்பல் ஓடாத வாரத்தில் அந்தமான்: புதுச்சேரியில் வாடகைக்கு எடுத்த முதுகுப்பைகள் எப்படி இருந்தன?

கடந்த அக்டோபர் கடைசியில் நாங்கள் நண்பர்கள் ஐந்து பேர், ஏழு நாளில் திரும்பிவிடுவதாகத் திட்டமிட்டு அந்தமானுக்குப் புறப்பட்டு, இடையில் கப்பல்கள் ஓடாமல் நின்றுவிட்டதால் ஒன்பதாம் நாள்தான் ஊர் வந்து சேர்ந்தோம். சக்கரப் பெட்டி எதுவும் வேண்டாம், ஆளுக்கொரு முதுகுப்பையோடு தீவுக்குத் தீவு நகர்ந்துகொண்டே இருக்கலாம் என்பது எங்கள் ஏற்பாடு. ஒருவரிடம் மட்டும் சொந்தப் பை இருந்தது. மற்ற நால்வருக்கும் வேண்டிய 60 லிட்டர் பைகள், அவற்றுக்கான மழை உறைகள், மழை அங்கிகள், தலையில் கட்டும் விளக்குகள் ஆகியவற்றைப் புதுச்சேரியில் மலையேற்றப் பொருள்களை வாடகைக்கு விடும் சிறிய கடை ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டோம். இந்த மதிப்புரை அந்தக் கடையையும் அந்தப் பைகளையும் பற்றியது. அண்ணன் தம்பி இருவர் மட்டுமே நடத்தும் கடை என்பதாலும், நான் சொல்லப்போகும் குறைகள் எல்லாமே அவர்கள் நினைத்தால் ஒரு மாதத்தில் சரிசெய்யக்கூடியவை என்பதாலும் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

நல்ல 60 லிட்டர் பை ஒன்று புதிதாக வாங்க ஐயாயிரம், ஆறாயிரம் ரூபாய் ஆகும். ஆண்டுக்கு ஒரு முறை வெளியே எடுக்கும் பொருளுக்கு அந்த விலை கட்டாது என்பது முதல் காரணம். கடலூரில் என் வீட்டுப் பரணில் எதை வைத்தாலும் இரண்டு மழைக்காலம் கடந்தால் பூஞ்சணம் பூத்துவிடுகிறது என்பது இரண்டாவது காரணம். இந்த இரண்டாவது காரணம் கடைக்காரர்களின் அலமாரிக்கும் அப்படியே பொருந்தும் என்பது பணம் கட்டும்போது எனக்குத் தோன்றவில்லை.

கடை, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, குறுகலான தெரு ஒன்றின் முதல் மாடியில் இருக்கிறது. பைக்கு நாளொன்றுக்கு 90 ரூபாய் வாடகை, பை ஒன்றுக்கு 1,500 ரூபாய் முன்பணம், மழை உறைக்குத் தனிக் கட்டணம் இல்லை. தாமதமாகத் திருப்பிக் கொடுத்தால் நாளொன்றுக்கு இரு மடங்கு வாடகை என்று ரசீதின் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். எங்கே போகிறோம் என்று அண்ணன்தான் முதலில் விசாரித்தார். அந்தமான் என்றதும், "இந்த மாசத்துலயா சார்?" என்று கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். அவர் யோசித்ததில் நியாயம் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரைக்கு வரும் புயல்களில் பல, அந்தமான் கடலில்தான் முதலில் காற்றழுத்தத் தாழ்வாகத் தலைகாட்டுகின்றன. கடலூர்த் துறைமுகத்தில் ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போது, தொலைவில் எங்கோ உருவாகியிருப்பதாக நாம் கேள்விப்படும் அந்த இடத்துக்கே நாங்கள் போகவிருந்தோம். பயணச்சீட்டு குறைந்த விலையில் கிடைத்ததற்கும் அதுவே காரணம்.

பையைத் தேர்ந்தெடுக்க அவர் எடுத்துக்கொண்ட அக்கறையைப் பாராட்டியே ஆக வேண்டும். பெரும்பாலான கடைகளில் லிட்டர் கணக்கைக் கேட்டுப் பையை எடுத்து நீட்டிவிடுவார்கள். இவரோ தையற்காரரின் அளவு நாடாவை எடுத்து, கழுத்தின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை எங்கள் ஒவ்வொருவரின் முதுகையும் அளந்தார். முதுகுப்பையின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்க வேண்டியது இடுப்புப் பட்டைதான். பையின் முதுகுச் சட்டம் ஆளின் முதுகைவிட நீளமாக இருந்தால் அந்தப் பட்டை இடுப்பில் உட்காராமல் தொடையில் இடிக்கும், பாரம் முழுவதும் தோளுக்கு ஏறிவிடும். எங்களில் மிகக் குள்ளமானவருக்கு முதலில் கொடுத்த பையை அவரே வாங்கி வைத்துவிட்டு, சட்டத்தை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வேறொரு பையைக் கொடுத்தார். பத்துக் கிலோ மணல் மூட்டையைப் பைக்குள் போட்டு, மாடிப் படியில் நான்கு முறை ஏறி இறங்கச் சொன்னார். ஒன்பது நாளில் எங்கள் ஐவரில் தோள்வலி என்று சொன்னவர் ஒருவர்தான். அவர் தன் சொந்தப் பையைக் கொண்டுவந்தவர்.

இனி மழை உறை. கடைக்காரர் அதைப் பெருமையோடு பிரித்துக் காட்டி, "இதைப் போட்டுட்டா உள்ள ஒரு சொட்டு இறங்காது" என்றார். சாதாரண மழையில், காற்றில்லாத மழையில், நின்ற இடத்திலேயே நிற்பவருக்கு அது உண்மையாக இருக்கலாம். ஸ்ரீவிஜயபுரத்தில், அதாவது 2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஊரில், முதல் நாள் பெய்த மழையை அந்த உறை தாங்கத்தான் செய்தது. மறுநாள் ஹேவ்லாக் என்ற பெயரே இன்னும் எல்லார் வாயிலும் வழங்கும் ஸ்வராஜ் தீவுக்கு அரசுக் கப்பலில் போய் இறங்கியபோதுதான் அதன் சாயம் வெளுத்தது. துறையில் இறங்கிய சமயம் கடலிலிருந்து வீசிய காற்று மழையைக் கிடைமட்டமாகக் கொண்டுவந்தது. மழை உறை என்பது பையின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடுவது. முதுகை ஒட்டிய பக்கம் திறந்தேதான் இருக்கும். பின்னந்தலையில் விழும் தண்ணீர் கழுத்து வழியாகத் தோள்பட்டையில் இறங்கி, முதுகுப் பக்கத்துத் திண்டுகளில் ஊறி, பையின் அடிக்குச் சென்று, உறையின் கிண்ணம் போன்ற கீழ்ப்பகுதியில் தேங்குகிறது. நல்ல உறைகளில் அப்படித் தேங்கும் தண்ணீர் வெளியேற அடியில் சிறு கண் ஒன்று வைத்திருப்பார்கள். எங்களுக்குக் கொடுத்த நான்கில் இரண்டில்தான் அது இருந்தது. கண் இல்லாத உறையைக் கழற்றியபோது ஒரு செம்பு அளவுக்குத் தண்ணீர் கொட்டியது. அதுவரை பையின் அடிப்பகுதி அந்தத் தண்ணீருக்குள்தான் உட்கார்ந்திருந்திருக்கிறது.

ஓர் உறை காற்றில் பறந்தே போயிற்று. விளிம்பில் எலாஸ்டிக் மட்டும் வைத்துத் தைத்த உறை அது. நடுவில் கட்டிக்கொள்ளப் பட்டை ஏதும் இல்லாததால், உள்ளே புகுந்த காற்று அதைப் பாய்மரம் போல உப்பவைத்து ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு போய்விட்டது. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கூரைத் தகடுகள் எப்படிப் பறந்தன என்று பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத காற்றுக்கே இந்த உறை நிற்கவில்லை என்பதை அதன் தையலைப் பார்த்த அன்றே யூகித்திருக்க வேண்டும்.

உறை போனால் போகட்டும், பையின் துணியே நீர்புகாத துணிதானே என்று நினைத்தோம். அன்றிரவு ஐந்தாம் எண் கடற்கரைப் பக்கம் எடுத்த அறையில் பைகளைப் பிரித்தபோது மேலும் மோசமான ஒன்று தெரிந்தது. நீல நிறப் பையின் உட்புறம் கை வைத்த இடமெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. மெல்லிய தோல் போன்ற படலம் உரிந்து துணிமணிகளின் மேல் வெள்ளைத் துகளாக விழுந்திருந்தது. புளித்த மாவுக்கும் ஈரச் சாக்குக்கும் இடைப்பட்ட ஒரு வாடை அடித்தது. இதற்குக் காரணம் உண்டு. நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி தன்னளவில் தண்ணீரைத் தடுப்பதில்லை. அதன் உட்புறம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சுதான் தடுக்கிறது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் நெடுநாள் வைத்திருந்தால், காற்றிலுள்ள நீராவியே அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக உடைத்துவிடும். பையை ஒருமுறைகூட வெளியே எடுக்காவிட்டாலும் இது நடக்கும். சொல்லப்போனால், காற்றாடாமல் மடித்து வைத்த பையில் இன்னும் விரைவாக நடக்கும். குளிர்ந்த, உலர்ந்த ஊரில் பத்தாண்டு தாங்கும் பை நம் கடற்கரையில் அதில் பாதிக் காலம் தாங்கினாலே பெரிது.

திரும்பிவந்தபின் இதைப் பற்றி விசாரித்தபோது தம்பி மறைக்காமல் ஒன்றைச் சொன்னார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, அவர்களுடைய கிடங்கு தரைத்தளத்தில் இருந்திருக்கிறது. அடித்தட்டில் இருந்த பைகள் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தன; பின்னர் துவைத்து, காயவைத்து, மேல் மாடிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நீலப் பை அவற்றுள் ஒன்று. வெள்ளத்தில் முதலீட்டை இழந்த சிறு வியாபாரி ஒரு பையைக் கழித்துக்கட்டத் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பையை ஏற்காடு போகிறவருக்குக் கொடுத்திருக்கலாம்; மழையைத் தேடிப் போகிறவர்களுக்குக் கொடுத்திருக்கக் கூடாது.

எங்களைக் காப்பாற்றியது கடையின் பொருள் எதுவும் இல்லை, கடலூர் முதுநகரைச் சேர்ந்த எங்கள் நண்பர். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். புறப்படும் நாளில் அவர் கொண்டுவந்த தடித்த பிளாஸ்டிக் உறைகளைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். சாக்குமூட்டைக்குள் உள்ளுறையாகப் போடும் வகை, ஒன்று முப்பது ரூபாய். படகில் போகும்போது மாற்று உடையையும் பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் அவருடைய அப்பா அப்படித்தான் கட்டி எடுத்துப்போவாராம். செய்முறை எளியது: காலிப் பைக்குள் முதலில் இந்த உறையை விரித்துவிட்டு, பொருள்களை எல்லாம் அதற்குள் அடுக்கி, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி, முறுக்கியதை மடக்கி ரப்பரால் கட்டிவிட வேண்டும். பை முழுவதும் நனைந்தாலும் உள்ளே இருக்கும் துணி நனையாது. தன் பையில் அதைப் போட்டிருந்த அவரும், விமான நிலையத்தில் அவரிடமிருந்து வாங்கிப் போட்டுக்கொண்ட நானும் அன்றிரவு உலர்ந்த போர்வையோடு உறங்கினோம். மற்ற மூவரும் மறுநாள் காலை ஒரு வார்த்தை பேசாமல் ஆளுக்கொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் உருட்டி மடக்கும் நீர்புகாப் பைகளும் செய்வது ஏறக்குறைய இதே வேலையைத்தான். அவற்றின் வாயை மூன்று முறையாவது உருட்டி மடித்த பிறகே கொக்கியை மாட்ட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும்.

மற்ற பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மழை அங்கிகள் முதுகுப்பையையும் சேர்த்து மூடும் அளவுக்கு அகலமாக இருந்தன. நடக்கும்போது நன்றாக இருந்தன, காற்றில் முகத்தை வந்து மூடின. தலைவிளக்குகள் நான்கும் குறையில்லாமல் எரிந்தன, மின்சாரம் போன இரண்டு இரவுகளில் அறையிலேயே அவை பயன்பட்டன. கூடாரம் வேண்டுமா என்று கடையில் கேட்டபோது வேண்டாம் என்றது இந்தப் பயணத்தில் நாங்கள் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. காற்றுக் காலத்தில் தென்னை மரங்களுக்கு நடுவே கூடாரம் அடிப்பது மட்டையும் காயும் தலையில் விழக் காத்திருப்பதற்குச் சமம்.

நான்காம் நாள் காலை துறைக்குப் போனபோது, கடல் கொந்தளிப்பால் அரசுக் கப்பலும் தனியார் விரைவுக் கப்பல்களும் நிறுத்தப்பட்டிருந்தன. அந்தத் தீவில் விமான ஓடுதளம் கிடையாது; கப்பல் நின்றால் பயணி நின்றான். 2016 டிசம்பரில், பின்னர் வர்தா என்று பெயர் பெற்றுச் சென்னையைத் தாக்கிய அதே காற்றழுத்தம் அங்கே மையம் கொண்டிருந்தபோது, ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டு கடற்படைக் கப்பல்களில் மீட்கப்பட்டார்கள். எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. விடுதி நடத்திய வங்காளிக் குடும்பம் பருப்பும் சோறும் மீன் குழம்புமாக எங்களைக் கவனித்துக்கொண்டது. மழை சற்று விட்ட ஒரு மாலை, சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ராதாநகர்க் கடற்கரைக்கு ஆட்டோவில் போய், யாரும் இறங்காத அந்தக் கடலை மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். வாடகைக் கணக்கு மட்டும் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது: நான்கு பைகள், இரண்டு நாள், இரு மடங்கு.

அங்கிருந்து கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். சென்னையிலிருந்து கடலடியில் கம்பிவடம் இழுக்கப்பட்டு 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து தீவுகளில் தொடர்பு வெகுவாக மேம்பட்டிருக்கிறது என்பதால், மழைக்கு நடுவிலும் குரல் தெளிவாகவே போய்ச் சேர்ந்தது. அண்ணன் நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "நீங்க பத்திரமா வாங்க சார், பை எங்க போயிடப் போகுது" என்றார். கப்பல் நிறுத்தப்பட்ட அறிவிப்பை ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று சொல்லி, கூடுதல் இரண்டு நாளுக்கு ஒற்றை வாடகை மட்டுமே வாங்கிக்கொண்டார். ரசீதில் அச்சிட்ட விதியைக் காட்டி அவர் கேட்டிருந்தால் நாங்கள் கொடுத்துத்தான் இருக்க வேண்டும். இயற்கைச் சீற்றத்தால் தாமதமானால் இரு மடங்கு வாடகை இல்லை என்ற வரியை அவர் ரசீதிலேயே சேர்த்துவிட்டால், அடுத்து வருகிறவர் அவருடைய நல்ல மனத்தை நம்பி நிற்க வேண்டியிருக்காது.

திருப்பிக் கொடுத்த நாளில்தான் ஒரு சிறு சச்சரவு. பைகளை நாங்கள் ஊர் வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசி, ஜிப்புகளில் படிந்திருந்த உப்பை ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் முழுவதும் நிழலில் காயவைத்துத்தான் கொண்டுபோனோம். அன்று கடையில் இருந்த தம்பி, நீலப் பையின் முதுகுத் திண்டில் கரும்புள்ளியாகப் படர்ந்திருந்த பூஞ்சணத்தைக் காட்டி முன்பணத்தில் 300 ரூபாய் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். பறந்துபோன உறைக்கு 250 ரூபாய் என்றதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டோம், அது நியாயம். பூஞ்சணம் அப்படியல்ல. பை எடுத்த அன்று எங்கள் நண்பர் ஒருவர் ஒவ்வொரு பையையும் உள்ளும் புறமும் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். வங்கியில் வேலை பார்ப்பவர், எதற்கும் சான்று வைத்துக்கொள்வது அவருடைய தொழில் வழக்கம். அந்தப் படத்தில் அதே திண்டில் அதே புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், அண்ணனை அழைத்துப் பேசினார், 300 ரூபாயை அப்படியே திருப்பிக் கொடுத்தார். படம் இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. பொருளைக் கொடுக்கும்போதே அதன் குறைகளைக் குறித்து இரு தரப்பும் கையெழுத்திடும் ஒரு தாள் அந்தக் கடையில் இல்லை, இருக்க வேண்டும்.

ஆட்களைப் பொறுத்தவரை இது நம்பிப் போகக்கூடிய கடை. அளந்து கொடுப்பதிலும் நெருக்கடியில் நடந்துகொள்வதிலும் பெரிய நகரத்துக் கடைகளைவிட எனக்கு நிறைவாகவே இருந்தது. பைகளின் நீர்க்காப்பைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதை நம்பிப் போகக் கூடாது. இதுபோன்ற எந்தக் கடையிலும் பையை வாங்கும் முன் அதன் வாயைத் திறந்து முகர்ந்து பாருங்கள். உள்துணியில் விரலைத் தேய்த்து ஒட்டுகிறதா என்று பாருங்கள். மழை உறையில் நடுக்கட்டும் அடிக்கண்ணும் உண்டா என்று பாருங்கள். கடை வாசலிலேயே இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலைதான். மழைக்காலத்தில் போகிறவர்கள் பிளாஸ்டிக் உள்ளுறைகளையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வருகிற ஜனவரியில் கொல்லிமலைக்குப் போக அதே கடையில் மூன்று பைகளுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். ரசீதின் பின்பக்கத்தில் "நீலப் பை வேண்டாம்" என்று அண்ணனே தன் கைப்பட எழுதிக் கொடுத்தார்.